சுமையும் சரிவும்: திரைவசனத்துக்குப் படம் எழுதும் கலை

தமிழ்நாட்டில் சினிமாவைக் காதால் பார்த்த தலைமுறைகள் உண்டு. வானொலியில் ஒலிச்சித்திரம் ஓடினால் அடுப்படியில் இருந்தபடியே ஒரு முழுக் கதையையும் கேட்டு அழுது முடித்துவிடுவார்கள். 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யின் வசனம் புத்தகமாக விற்றது. அதன் நீதிமன்றக் காட்சியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி காட்சியும் 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் கோர்ட் வாதமும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப ஒலித்தன. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் வசனம் தெரிந்திருந்தது. இந்த மரபில் வசனம்தான் ராஜா. காட்சி அதற்குக் குடை பிடித்தது.

அந்தப் பழக்கம் இன்றைக்குச் சுவருக்கும் கைப்பேசிக்கும் இடம் மாறியிருக்கிறது. தேனி மாவட்டத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம் என்று ஒரு ஃபிளெக்ஸ் நிற்கும். அதில் ஒரு நடிகர் முகம், பக்கத்தில் அவர் பேசிய ஒரு வரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இதே ஏற்பாடுதான். வரியைப் படித்தால் முகம் நினைவுக்கு வரும், முகத்தைப் பார்த்தால் வரி நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றையே இரண்டு தடவை சொல்கின்றன. ஒரு வசனத்துக்குப் படம் எழுதுவது என்பது இவ்வளவுதானா?

இல்லை என்பதற்குச் சான்று அதே மாவட்டத்துத் தேவாரம் என்ற ஊரின் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்ட் 24 அன்று வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’தான் அது. வசனம் தாங்க வேண்டிய கனத்தை ஒரு பொருளும், அந்தப் பொருள் சட்டகத்தில் நிற்கும் இடமும் எப்படித் தாங்க முடியும் என்பதை அந்தப் படம் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு. போஸ்டர் வடிவமைப்பவர், அட்டைப்படம் வரைபவர், திரை வரிகளைப் படமாக்கிப் பகிரும் இளைஞர் என எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

சொல்லும் படமும் எப்படிச் சேர வேண்டும் என்ற கேள்வி பழையது. 1531-இல் இத்தாலியச் சட்ட அறிஞர் அந்திரேயா அல்சியாத்தோவின் நூல் ஒன்று வெளியானது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு முதுமொழி, ஒரு மரச்செதுக்குப் படம், கீழே ஒரு சிறு செய்யுள். முதுமொழியை மட்டும் படித்தால் புதிர்; படத்தை மட்டும் பார்த்தாலும் புதிர். இரண்டும் உரசும்போதுதான் பொருள் பிறக்கும். ஐரோப்பா முழுக்க நூறு ஆண்டுக்கு மேல் இந்த வகை நூல்கள் கொடிகட்டிப் பறந்தன. பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964-இல் எழுதிய கட்டுரையில் இந்த உறவை இரண்டாகப் பிரித்தார். சில இடங்களில் சொல் படத்துக்கு நங்கூரம் போடுகிறது. பல பொருள்களில் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது. வேறு சில இடங்களில் சொல்லும் படமும் ஒன்றின் கையிலிருந்து மற்றொன்று வாங்கிக்கொண்டு கதையை நகர்த்துகின்றன. நம் ஃபிளெக்ஸில் இரண்டுமே நடப்பதில்லை. நடிகரின் முகத்துக்கு நங்கூரம் தேவையில்லை, ஏனென்றால் அதற்கு ஒரே பொருள்தான். வாங்கிக் கொடுக்கவும் அதனிடம் எதுவும் இல்லை.

நமக்கு இதைச் சொல்லித்தர வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதும் இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாட்டின் உறுப்புகளை முதல், கரு, உரி என்று வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை கருப்பொருள். மனத்தில் நடப்பது உரிப்பொருள். மனத்தில் நடப்பதை நேராகச் சொல்லாமல் கருப்பொருளின் மேல் ஏற்றிச் சொல்லும் முறைதான் உள்ளுறை. தலைவன் வந்து போவதைப் பற்றித் தோழி ஒரு சொல்லும் பேச மாட்டாள். யானை தினைப்புனத்தில் மேய்ந்துவிட்டுப் போனதைப் பேசுவாள். கேட்பவருக்குப் புரிந்துவிடும். இந்த முறையின் முதல் நிபந்தனை, யானை அந்த மலையிலேயே இருக்க வேண்டும் என்பது. குறியீட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து சட்டகத்தில் வைக்க முடியாது. அது அந்த நிலத்தின் பொருளாகவே அங்கே கிடந்திருக்க வேண்டும்.

சோவியத் இயக்குநர் ஐசென்ஸ்டைனும் இப்படித்தான்: ‘அக்டோபர்’ படத்தில் ரஷ்யத் தற்காலிக அரசின் தலைவர் கெரென்ஸ்கியின் பகட்டைக் காட்ட ஓர் இயந்திர மயிலைக் காட்டினார். அந்த மயில் கடிகாரம் குளிர்கால அரண்மனை வளாகத்திலேயே இருந்த பொருள். அதனால்தான் அந்த ஒப்பீடு இன்றும் உயிரோடு இருக்கிறது. தொல்காப்பியம் படித்தவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

தேவாரத்தின் கருப்பொருள்கள் எவை? ஊருக்கு மேற்கே எழும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்கள். காய் அங்கே விளைகிறது. கூலிக்கு ஆள் இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. போடியிலும் கம்பத்திலும் உத்தமபாளையம் பக்கத்துக் கிராமங்களிலும் விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டு ஏறுகின்றன. உலர்த்திய காய் போடிநாயக்கனூருக்கு வந்து ஏலம் போகிறது. தரம் பிரிக்கும் கைகளும் பெரும்பாலும் பெண்களுடையவை. ஜீப் போகும் சாலைகள் வளருமுன், மலைக்கும் சமவெளிக்கும் நடுவே இருந்தது ஒற்றையடிப் பாதை. அதில் சரக்கு மனிதத் தலையிலும் கழுதை முதுகிலும் இறங்கியது. 1956-இல் மொழிவாரி எல்லை போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வீடு இந்தப் பக்கமும் பிழைப்பு அந்தப் பக்கமுமாக ஆனது. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியவர் பாவலர் வரதராசன். அவர் தம்பி இளையராஜாதான் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு இசை. அவர்கள் பிறந்த பண்ணைப்புரம் தேவாரத்துக்குப் பக்கத்து ஊர்.

இத்தனையும் படத்தின் பின்னால் நிற்கின்றன. கதை மிகச் சிறியது. ரெங்கசாமி என்ற சுமைதூக்கி, மலையிலிருந்து ஏலக்காய் மூட்டையை அடிவாரத்துக்கு இறக்குபவன். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வாங்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று தட்டிப்போகிறது. ஒருவழியாக நிலம் கைக்கு வருகிறது. பிறகு விதை, உரம் என்று கடன் ஏறுகிறது. தோட்டத் தகராறில் சிறைக்குப் போகிறான். திரும்பி வரும்போது நிலம் கடனில் கரைந்திருக்கிறது.

இதை வசனத்தில் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. நிலம் இல்லாதவன் நிலத்தைப் பற்றி ஒரு பக்கம் பேசியிருக்கலாம். பழைய தமிழ்ப் படமாக இருந்தால் பேசியே இருப்பான். இங்கே மனிதர்கள் பேசுவதெல்லாம் டீக்கடைப் பேச்சு, கேலி, விசாரிப்பு, கூலிக் கணக்கு. பெரும்பாலும் அந்தப் பகுதி மக்களே நடித்திருப்பதால் அந்தப் பேச்சில் ஒப்பனை இல்லை. பெரிய வார்த்தைகளை யாரும் தூக்குவதில்லை, தூக்குவது மூட்டையை.

அந்த மூட்டையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தலையில் சும்மாடு, அதன் மேல் சாக்கு. உலர்ந்த காய் என்பதால் மூட்டை கனத்தைவிடப் பருமனில் பெரிதாகத் தெரியும். ஏறும்போது மனிதன் முன்னால் சாய்வான். சுமையோடு இறங்கும்போது முழங்கால் லேசாக மடங்கி, கால்விரல்கள் கல்லைப் பற்றிக்கொள்ளும். கழுத்தைத் திருப்ப முடியாது. ஆகவே அவன் பார்வை அடுத்த அடி வைக்கும் கல்லில் மட்டுமே இருக்கும். மலையின் அழகை அவன் பார்ப்பதே இல்லை. அதைப் பார்ப்பவர்கள் நாம். ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் இந்த வேறுபாட்டைச் சட்டகத்துக்குள்ளேயே கட்டியிருக்கிறார். பின்னணியில் முகில் தவழும் மடிப்புமடிப்பான மலை, சுற்றுலா விளம்பரத்தில் வருவதுபோல. முன்னே அதற்கு முதுகு காட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஒரு மனிதன். ஒரே சட்டகத்தில் இரண்டு பேர் பார்க்கும் இரண்டு மலைகள். ‘மலை எங்களுக்கு வேலையிடம், உங்களுக்கு வேடிக்கை’ என்று யாராவது அங்கே வசனம் பேசியிருந்தால் அந்த ஷாட் செத்துப்போயிருக்கும்.

இங்கே மூட்டை குறியீடு. ஆனால் அந்தக் குறியீட்டுக்குப் பொருள் தருவது சரிவு. அதே மூட்டையை ஒரு கிடங்கில் நேர்தரையில் வைத்துப் படமெடுத்தால் அது வெறும் சரக்கு. மூலைவிட்டமாக இறங்கும் பாதையில், ஒரு பக்கம் பள்ளம் திறந்திருக்க, ஒற்றை மனிதனின் தலையில் வைத்தால் அது அவன் ஆயுள். குறியீட்டை மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் வடிவமைப்பாளர்கள் தவறவிடுவது இதைத்தான். உடைந்த சங்கிலி, பறக்கும் புறா, எரியும் விளக்கு என்று பொருள்களின் பட்டியல் அவர்களிடம் தயாராக இருக்கும். அந்தப் பொருள் சட்டகத்தின் எந்த மூலையில், எவ்வளவு பெரிதாக, எதன் எதிரே நிற்கிறது என்ற கேள்வி இருக்காது.

ரெங்கசாமி சிறுகச் சிறுகச் சேர்த்த காசைப் போட்டு வாங்கிய ஏலக்காய் சரிவில் சிதறிப்போகும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். நஷ்டம் எவ்வளவு என்று அங்கே கணக்குச் சொல்லத் தேவையே இல்லை. பொறுக்கி எடுக்க முடியாத சின்னப் பொருள், நிற்காமல் இறங்கும் நிலம். இந்த இரண்டும் சேர்ந்தாலே கணக்கு முடிந்துவிடுகிறது. தேங்காயாக இருந்திருந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கலாம், அரிசியாக இருந்திருந்தால் அங்கேயே குவிந்து கிடக்கும். பச்சைச் சரிவில் பச்சைக் காய் சிதறினால் கண்ணுக்கே அகப்படாது. நிலத்தின் கருப்பொருள் அதே நிலத்தின் வடிவத்தோடு மோதும்போது பிறக்கும் பொருள் இது.

கடைசிக் காட்சிதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். தன் நிலமாக இருந்த இடத்தில் காற்றாலை எழுந்து நிற்க, அதற்குக் காவலாளியாக உடுப்பு மாட்டிக்கொண்டு ரெங்கசாமி இருக்கிறான். கேமரா அவனை விட்டு மேலே எழுகிறது. அவன் சிறுத்துக்கொண்டே போகிறான். ஒரு காற்றாலை பலவாகிறது. நிலம் அகன்றுகொண்டே போகிறது. அதுவரை படம் பெரும்பாலும் நடக்கும் மனிதனின் உயரத்திலேயே இருந்தது; பாதையில் அவனோடு ஏறியது, அவனோடு இறங்கியது. இப்போது அது நிலத்தை வாங்குபவர்களின் உயரத்துக்குப் போகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதன் தெரிய மாட்டான். கேமரா ஏறுவதே ஒரு வாதம். தென்மேற்குப் பருவத்தில் கணவாய்கள் வழியே பள்ளத்தாக்குக்குள் இறங்கும் காற்று அந்த மக்களின் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்த காற்றுதான். அதற்கும் இப்போது உடைமையாளர் வந்துவிட்டார்.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் நிலைதிரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் செய்தி. கண்ணகிக்குக் கோயில் இருக்கும் மங்கலதேவி மலை இதே தொடரில், கூடலூருக்கு மேலே. படத்தின் கடைசியில் நிலம் குறிஞ்சியாகத்தான் இருக்கிறது. உரிப்பொருள் மட்டும் பாலை ஆகிவிட்டது. நிலத்தை மாற்றாமல் பொருளை மாற்றுவதற்குக் கேமராவின் உயரம் போதுமானதாக இருந்தது.

இதே கண்ணோடு வேறு படங்களின் புகழ்பெற்ற வரிகளைப் பார்த்தால், அவற்றுக்கு நாம் எழுதும் படங்கள் எங்கே சறுக்குகின்றன என்பது விளங்கும். 1979-இல் மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது. கடைசியில் ஊரே கூடி ஆற்றுக்கு அழைத்துப்போகும் சுந்தரவடிவேலு, நான் செய்ததிலேயே பெரிய பாவம் உங்களையெல்லாம் என்னைப்போல் ஆக்கியதுதான் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறான். அந்த வரியைப் பகிர்பவர்கள் அவனாக நடித்த விஜயனின் முகத்தைப் பெரிதாக வைக்கிறார்கள். வரி பேசுவதோ எதிரே நிற்பவர்களைப் பற்றி. அதற்குச் சரியான படம் கரையில் நிற்கும் கூட்டம்தான். அதுவும் நல்லவர்களின் கூட்டம். முகம் தெரியாத முதுகுகளாக அவர்களை முன்னணியில் நிறுத்தி, நடுவே ஒரு இடுக்கில் தண்ணீரைக் காட்டினால் போதும். பார்ப்பவர் தானும் அந்தக் கரையில் நிற்பதை உணர்வார். மகேந்திரன் அதற்குப் பிறகு குழந்தைகளைக் கரையில் விட்டதும் இதே கணக்கில்தான்.

‘நாயகன்’ படத்தில் பேரன் தாத்தாவிடம் கேட்கும் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு இன்னும் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. அதற்கு எழுதப்படும் படம் பெரும்பாலும் பாதி வெளிச்சம், பாதி இருட்டில் ஒரு முகம். பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவுக்கு 1987-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. நிழலை அவர் கையாண்ட அழகு மறுக்க முடியாதது. ஆனால் அந்த வரிக்குத் தாத்தாவான வேலு நாயக்கர் தரும் பதில் தெரியவில்லை என்பது. பாதிப் பாதி முகமோ தெரியும் என்கிறது. பாதி நல்லவர், பாதி கெட்டவர் என்று அளந்தே கொடுத்துவிடுகிறது. வசனம் திறந்து வைத்த கதவைப் படம் சாத்திவிடுகிறது. அந்தக் கேள்வியின் உயிர், அதைக் கேட்பவன் ஒரு குழந்தை என்பதில் இருக்கிறது. குழந்தையின் கண் உயரத்திலிருந்து, அண்ணாந்து பார்த்த கோணத்தில், வெளிச்சம் முழுதாக விழுந்தும் படிக்க முடியாத ஒரு கிழ முகம் இருந்தால் அது பதிலின் பக்கம் நிற்கும்.

பாலாவின் ‘பரதேசி’யும் (2013) மலையில் முடிகிறது. தேயிலைத் தோட்டத்துக்குள் மனைவியும் மகனும் வந்து சேர்ந்துவிட்டதைப் பார்த்துக் கதைநாயகன் ராசா கதறுகிறான். அங்கே கதறலும் உண்டு, அகன்ற மலையும் உண்டு; செழியனின் கேமரா மனிதனைச் சிறிதாக்கிக் காட்டவும் செய்கிறது. இருந்தாலும் அங்கே குரல் நம்மைப் பிடித்துக்கொள்வதால் நாம் மலையைப் பார்ப்பது குறைகிறது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் பிடித்துக்கொள்ளக் குரல் இல்லை. இரண்டில் எது மேல் என்றால் நான் பின்னதையே சொல்வேன். அழுகைக்கு ஒரு முடிவு உண்டு, அந்த அமைதிக்கு இல்லை.

சினிமா விளம்பரக் கலையில் இதை உலகம் எப்போதோ கண்டுகொண்டது. 1955-இல் ‘பொன் கரம் கொண்ட மனிதன்’ என்ற அமெரிக்கப் படத்துக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ், போதைக்கு அடிமையானவனின் கதையை ஒரு கோணல்மாணலான கையாகச் சுருக்கினார். நட்சத்திரத்தின் முகத்தைவிட அந்தக் கைதான் நின்றது. போலந்து ஓவியர்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நடிகர் முகத்தை நம்பாமல் போஸ்டர் வரைந்தார்கள். நம்மிடமும் அந்தக் கை இருந்தது. ஓவியர் கோபுலுவின் கோடுகள் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு விகடனில் உயிர் கொடுத்த பிறகுதான் அது படமானது. பேனர் வரைந்த கைகளுக்கு வேலை இல்லாமல் செய்து ஃபிளெக்ஸ் வந்தபோது வண்ணம் மட்டும் போகவில்லை. எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் ஓர் ஓவியனின் மனமும் போனது.

வரியை எடுத்துக்கொண்டு படம் எழுத உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது, அந்த வரி எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பார்ப்பது. படத்தின் வேலை அங்கேதான். அடுத்தது, கதை நடக்கும் நிலத்திலிருந்து ஒரு பொருளை எடுப்பது. மும்பைக் கதைக்குப் பொருந்தும் புறா தேவாரத்துக் கதைக்குப் பொருந்தாது. பிறகு கோடு. நம் கண் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியது; கலை வரலாற்றாளர் வொல்ஃப்லின் 1928-இலேயே ஓவியத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் அதன் பொருளே மாறிவிடுவதை எடுத்துக்காட்டினார். இடக்கீழிலிருந்து வலமேலே போகும் பாதை ஏற்றமாகவும், இடமேலிருந்து வலக்கீழே போகும் பாதை இறக்கமாகவும் படும். சுமை இறக்குபவனின் படத்தை அழகுக்காகத் திருப்பிப் போடுபவர், தன்னை அறியாமலேயே அவனை மலை ஏற்றிவிடுகிறார். கடைசியாக எழுத்து. வசனத்தை எங்கே வைப்பது என்பதும் சட்டக அமைப்பைச் சேர்ந்தது. காலி இடம் கிடைத்தது என்று வானத்தில் எழுதுவது நம் வழக்கம். பல படங்களில் அந்தக் காலி இடம்தான் பொருள்.

ரெங்கசாமியின் கடைசி ஷாட்டைக் கணினியில் நிறுத்தி, மேலே பரந்து கிடக்கும் அந்த இடத்தில் விவசாயத்தைப் பற்றியோ உழைப்பைப் பற்றியோ ஒரு வீர வசனத்தை அடித்துப் பகிரத் தோன்றும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்தே வேண்டுமென்றால் சட்டகத்துக்கு வெளியே, கீழே, சின்னதாகப் படத்தின் பெயரையும் தேனி ஈஸ்வரின் பெயரையும் போடுங்கள். அந்த வானத்தில் எதுவும் எழுதாதீர்கள்.